வாரியல் எப்போது ஜாடு ஆனது

எங்கள் சந்தில் பெருக்குகிற சாமானுக்கு நாலு பேர் இருந்தது. திருநெல்வேலிப் பக்கத்து எங்கள் ஆச்சிக்கு அது வாரியல். எதிர்வீட்டு சேலத்து அக்காவுக்குச் சீமாறு. குழாயடிக்குப் பக்கத்தில் குடியிருந்த ஆற்காட்டுக்காரர்கள் தொடப்பம் என்பார்கள், அவர்களுக்கு அடுத்த வீட்டு மதுரைக்கார அம்மா வெளக்கமாறு என்பாள், இத்தனைக்கும் நாலு வீட்டிலும் இருந்தது ஒரே கடையில் வாங்கிய ஒரே மாதிரி ஈர்க்குக் கட்டுதான். பம்பாய்த் தாராவியின் 90 அடி ரோட்டிலிருந்து உள்ளே பிரிகிற, ரெண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய சந்து அது. ஆச்சிக்கு அது சந்து கூட இல்லை, முடுக்கு.

நாங்கள் பிள்ளைகள் இதற்காகச் சண்டையே போட்டிருக்கிறோம். எது சரியான தமிழ் என்று. உன் வீட்டில் வாரியலா, அப்படின்னா என்ன, வாரிக்கிட்டுப் போறதா என்று சேலத்து அக்காவின் பையன் சிரிப்பான். பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதச் சொன்னபோது "காலையில் அம்மா வாரியலால் வாசலைத் தூத்தாள்" என்று எழுதி, வாரியலைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம், தூத்தாளைச் சுற்றி இன்னொன்று, பக்கத்தில் துடைப்பம், பெருக்கினாள். அழுதுகொண்டே வந்து ஆச்சியிடம் காட்டினேன். ஆச்சிக்குப் படிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கு என்று கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"வாருதது வாரியல். தொடைக்கதுக்குத் துணி இருக்குலா. ஒங்க டீச்சர் வீட்ல என்னட்டி, இத வச்சு தரையத் தொடைக்காளா?"

இன்றைக்கு வரை எனக்கு இதைவிட நல்ல இலக்கண விளக்கம் கிடைக்கவில்லை.

ஆனால் அந்தச் சண்டையில் கடைசியில் யார் ஜெயித்தார்கள் தெரியுமா? யாரும் இல்லை. இந்தி ஜாடு ஜெயித்தது. எனக்கு ஒரு பத்து வயது ஆவதற்குள் நாலு வீட்டுப் பிள்ளைகளும் ஜாடு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். அடுத்த வீட்டில் போய் இரவல் கேட்கும்போது அவர்கள் சொல்லைச் சொன்னால் தோற்ற மாதிரி, நம் சொல்லைச் சொன்னால் சிரிப்பார்கள், அதனால் யாருடையதும் இல்லாத ஒரு சொல்லை எல்லாரும் எடுத்துக்கொண்டோம். பம்பாயில் இந்தி வந்து தமிழைத் தின்றுவிட்டது என்று பெரியவர்கள் புலம்புவார்கள். நான் பார்த்த வரைக்கும் எங்கள் ஊர்த் தமிழ் சேலத்துத் தமிழுக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று நின்ற இடத்தில்தான் இந்தி உள்ளே வந்து உட்கார்ந்தது.

சீனி விஷயத்தில் மட்டும் கொஞ்சம் வேடிக்கை. ஆச்சி சர்க்கரையைச் சீனி என்பாள், தென்பக்கம் எல்லாரும் அப்படித்தான். சேலத்து அக்கா சர்க்கரை என்பாள். மளிகைக்கடை உத்தரப்பிரதேசத்து பையாவிடம் ஆச்சி போய் "சீனி" என்று நீட்டினால் அவர் மறுபேச்சில்லாமல் பொட்டலம் கட்டுவார், ஏனென்றால் இந்தியிலும் அது சீனிதான். ஆச்சி வீட்டுக்கு வந்து, கடைக்காரனுக்கு நம்ம ஊர் பேச்சு தெரியுது என்று பெருமையாகச் சொல்லுவாள். சேலத்து அக்காவுக்கு ஆதரவாகப் பக்கத்து வீட்டு மராத்தி ஆஜி நின்றாள், மராத்தியில் சர்க்கரைக்குச் சாக்கர். இப்படி சர்க்கரைக்காக எங்கள் சந்தே ரெண்டு கட்சியாக இருந்தது, மொழிவாரியாக அல்ல, குறுக்கே வெட்டி.

அந்த மராத்தி ஆஜியைப் பற்றி நிறையச் சொல்லலாம். மால்வண் பக்கத்துக்காரி. மராத்தியில் பாட்டிக்கு ஆஜி, எங்களுக்கு ஆச்சி. ரெண்டும் ஒரே சொல் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம், அவள் பேரன்கள் எங்கள் ஆச்சியை ஆஜி என்று கூப்பிட, நாங்கள் அவளை ஆச்சி என்று கூப்பிட, யார் வீட்டுக் கிழவியை யார் கூப்பிடுகிறார்கள் என்று ரெண்டு பேருமே திரும்பிப் பார்ப்பார்கள்.

தாத்தாவுக்குத் தொழில் இட்லி. விடியற்காலை நாலு மணிக்கு அவித்து, பெரிய பாத்திரத்தில் அடுக்கி, சைக்கிளின் பின்னால் கட்டி, ரப்பர் ஹாரனை அமுக்கிக்கொண்டு சயான், மாட்டுங்கா பக்கமெல்லாம் போய்விட்டு மத்தியானம் வருவார். தாராவியிலிருந்து இன்றும் அப்படி இட்லி சைக்கிள்கள் கிளம்புகின்றன. ஊரே அவரை அண்ணா என்றுதான் கூப்பிடும், பம்பாயில் தெற்கத்தி ஆம்பளை என்றாலே அண்ணா. இனி ஆச்சி. அவள் புருஷன் பேரைச் சொல்ல மாட்டாள், அந்தக் காலத்து வழக்கம். தூரத்தில் ஹாரன் சத்தம் கேட்டதும் எங்களைப் பார்த்து "அன்னா வாராவ" என்பாள். அன்னா என்றால் அதோ. வாராவ என்றால் வருகிறார், மரியாதையோடு. இதைத் தினமும் கேட்ட மராத்தி ஆஜி, இந்தக் கிழவி கட்டின புருஷனையே அண்ணா என்று கூப்பிடுகிறாளே, என்ன ஊரோ என்று பல வருஷம் மனசுக்குள் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். ஒருநாள் பொறுக்க முடியாமல் என் அம்மாவிடம் கேட்டே விட்டாள். அம்மா சிரித்த சிரிப்பில் இடுப்பிலிருந்த தண்ணீர்க் குடம் சரிந்துவிட்டது.

அன்னா, இன்னா. அதோ, இதோ. "இன்னா வாரேன்" என்றால் இதோ வருகிறேன். மெட்ராஸிலிருந்து ஒரு சித்தப்பா லீவுக்கு வந்தபோது இதை வைத்து ஒரு நாள் முழுக்கக் குழப்பம். ஆச்சி "இன்னா காப்பி" என்று டம்ளரை நீட்டினால் அவர் "என்ன காப்பியா, ஃபில்டர் காப்பிதான?" என்று கேட்பார். அவர்கள் ஊரில் இன்னா என்றால் என்ன.

ஆச்சிக்குச் சொந்த ஊர் உடன்குடிக்குப் பக்கம். 1986இல் தூத்துக்குடியைத் தனி மாவட்டமாகப் பிரித்தார்கள், ஆனால் ஆச்சி சாகிற வரைக்கும் எந்த ஊர் என்று யார் கேட்டாலும் திருநெல்வேலி ஜில்லா என்றே சொன்னாள். அவள் பேச்சில் நிகழ்காலமே வேறு மாதிரி இருக்கும். சொல்றேன் இல்லை, சொல்லுதேன். பார்க்கிறேன் இல்லை, பாக்குதேன். பெரியவர்களைச் சொல்லும்போது அவிய வந்தாவ, அவிய சொன்னாவ. நீ-க்கும் நீங்களுக்கும் நடுவில் ஒரு படி உண்டு, நீரு. தாத்தா தன் வயசுக்காரர்களை "வாரும் ஓய், இரும், ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போம்" என்பார். பள்ளிக்கூடத்தில் செய்யுள் படிக்கும்போது "நீர்", "உமக்கு" எல்லாம் வந்தால் மற்றப் பிள்ளைகள் பழைய தமிழ் என்று மனப்பாடம் செய்வார்கள், எனக்கு அது இட்லிப் பாத்திரம் கழுவும்போது தாத்தா பேசுவது.

பத்துப் பன்னிரண்டு வார்த்தைகளைப் போட்டு நெல்லைத் தமிழ் என்று படம் போட்டு அனுப்புகிறார்களே, அதில் முதல் வார்த்தை எப்போதும் ஏலே. சினிமாவிலும் அப்படித்தான், நாலு வரிக்கு ஒரு ஏலே போட்டால் திருநெல்வேலி ஆகிவிடும். எனக்கு அதைக் கேட்டாலே எரிச்சல் வரும். ஏலேயை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிவிட முடியாது. தன்னைவிடச் சின்னவனிடம் சொல்லலாம், சேக்காளியிடம் சொல்லலாம், மாமனாரிடம் சொன்னால் பல் இருக்காது. பெண் பிள்ளைகளுக்கு ஏலேயே கிடையாது, ஏட்டி, ஏளா. என்னை என் வாழ்க்கையில் யாரும் ஏலே என்று கூப்பிட்டதில்லை. "ஏட்டி, இங்கன வா" என்று கூப்பிட ஆட்கள் இருந்தார்கள், இப்போது அப்பா ஒருவர்தான் மிச்சம்.

வசவுக்கு வருகிறேன். இதைத் தவிர்த்துவிட்டு ஆச்சியைப் பற்றி எழுதவே முடியாது. காலையில் எழுந்திருக்கவில்லை என்றால் "சவத்து மூதி, சூரியன் உச்சிக்கு வந்துட்டு". பாலைக் கொட்டினால் "கரிமுடிவா". விளையாடிவிட்டு இருட்டின பிறகு வந்தால் "பேதில போவா, எங்கட்டி போய்த் தொலஞ்ச". ரொம்பச் செல்லமாக இருந்தால் "கொள்ளையில போவா". சின்ன வயசில் கொள்ளை என்றால் திருட்டு என்றுதான் நினைத்தேன், கொள்ளைக்காரனோடு போய்விடுவேன் என்கிறாள் போலிருக்கிறது என்று. அது கொள்ளைநோய். பேதி என்பது காலரா, வாந்திபேதி. ஒரே குளத்துத் தண்ணீரை ஊரே குடித்த காலத்தில் காலையில் நன்றாக இருந்தவன் சாயங்காலம் இருக்க மாட்டான் என்று ஆச்சி சொல்லியிருக்கிறாள், அவள் தாயோடு கூடப் பிறந்தவர்களில் ரெண்டு பேர் அப்படிப் போனவர்கள். நோய் போய்விட்டது, வசவு மட்டும் நின்றுவிட்டது, அதுவும் கொஞ்சுகிறதற்கு.

மராத்தி ஆஜி தன் பேரனை "மேல்யா" என்று கூப்பிடுவாள். நாள் முழுக்க மேல்யா மேல்யாதான். அது அவன் பேர் என்றே ஆச்சி நினைத்திருந்தாள். அப்புறம் யாரோ அர்த்தம் சொன்னார்கள், செத்தவனே என்று. ஆச்சிக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. "நம்மள மாதிரிதான் பேசுதா" என்று அன்றைக்கே ஒரு கிண்ணம் மீன் குழம்பு அந்த வீட்டுக்குப் போனது. அதற்கப்புறம் ரெண்டு கிழவிகளும் வாசலில் உட்கார்ந்து ஆளுக்கொரு மொழியில் பேரப்பிள்ளைகளைச் செத்தவனே, சவமே என்று கூப்பிட்டுக்கொண்டு காய் நறுக்குவார்கள்.

ஆனால் நிஜமாகவே கோபம் வந்தால் ஆச்சி வசவே சொல்ல மாட்டாள். "சரி தாயீ, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்பாள். அந்த 'நீங்க' வந்துவிட்டால் அம்மாவே நடுங்குவாள்.

அடுப்பங்கரைச் சொற்கள் தனி. சொளவு (மற்றவர்களுக்கு முறம்), சவுக்காரம் (சோப்பு), கொட்டான், கடவம் என்று ஓலைப்பெட்டிகளில் வகை, அரிசி அளக்க உழக்கு. ரெண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, ரெண்டு உழக்கு ஒரு உரி, ரெண்டு உரி ஒரு நாழி என்பதை நான் பள்ளிக்கூடத்தில் லிட்டர் படிப்பதற்கு முன்பே ஆச்சியிடம் படித்துவிட்டேன். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள எதுவாக இருந்தாலும் வெஞ்சனம். "இன்னைக்கு என்ன வெஞ்சனம்?" என்பதுதான் தாத்தா வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்கிற முதல் கேள்வி.

இந்த வெஞ்சனம் என்னை ஒரு தடவை வகுப்பில் எழுப்பி நிற்க வைத்துவிட்டது. இந்தி வகுப்பு. அ ஆ இ ஈ எல்லாம் ஸ்வர், க முதல் வருவதெல்லாம் வியஞ்ஜன் என்று சொல்லிக்கொடுத்தார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. உயிரெழுத்து சோறு, மெய்யெழுத்து வெஞ்சனம் என்று மனசுக்குள் ஓடிவிட்டது, க என்றால் தேங்காய்த் துவையல், ச என்றால் வாழைக்காய்ப் பொரியல். எதற்குச் சிரித்தாய் என்று கேட்டார்கள், சொல்லத் தெரியவில்லை, பெஞ்சு மேல் ஏறி நின்றேன். ரொம்ப வருஷம் கழித்துத்தான் தெரிந்தது, ரெண்டும் ஒரே சமஸ்கிருதச் சொல்தான், வியஞ்சனம், அங்கேயே அதற்கு மெய்யெழுத்து என்றும் ஒரு பொருள், சோற்றுக்குத் தொட்டுக்கொள்வது என்றும் ஒரு பொருள். எழுத்தே படிக்காத ஆச்சி அந்தச் சொல்லைத் தினம் மூன்று வேளை சொல்லிக்கொண்டிருந்தாள்.

இன்னும் ரெண்டு சொல்லை நான் இன்றைக்கும் விடாமல் வைத்திருக்கிறேன். ஒன்று அவயம். "அவயம் போடாத" என்றால் கத்தாதே, கூச்சல் போடாதே. அபயம் அபயம் என்று கூப்பிடுவதுதான் இப்படி ஆகியிருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு நினைப்பு. இன்னொன்று சடவு. "ஒரே சடவா இருக்கு." இதற்கு அசதி என்று சொன்னால் பாதிதான் வரும், சோம்பல் என்று சொன்னால் திட்டுகிற மாதிரி ஆகிவிடும். உடம்புக்கும் ஒன்றும் இல்லை, மனசுக்கும் ஒன்றும் இல்லை, ஆனாலும் எழுந்திருக்க முடியாது, அதுதான் சடவு. இப்போது நான் இருக்கிற டோம்பிவிலியிலிருந்து லோக்கல் ரயிலில் தொங்கிக்கொண்டு ஒரு மணி நேரம் போய், எட்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, மறுபடியும் தொங்கிக்கொண்டு திரும்பி வந்து செருப்பைக் கழற்றுகிற நேரத்துக்கு அந்த ஊர்க்காரர்கள் ரயிலே வராத காலத்தில் சொல் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்.

பனை. இதுதான் விசித்திரம். எனக்குப் பனையைப் பற்றி முப்பது சொல்லாவது தெரியும், பதினோரு வயசு வரை பனைமரத்தைக் கிட்டத்தில் பார்த்ததில்லை. வடலி என்றால் இளம்பனை. பாளை, கலயம், கருக்கு மட்டை, பீலி, தவுண். பதநீரை ஆச்சி பயினி என்பாள், அதைக் குடிக்க ஓலையில் மடிக்கிற பட்டையை ஒரு காகிதத்தில் மடித்துக் காட்டியிருக்கிறாள். கருப்பட்டிக்கு முந்தின பக்குவம் கூப்பனி. சிவப்பு மணல்மேடு தேரி. கோடையில் பம்பாயில் தாட்கோளா என்று நுங்கு விற்பார்கள், அதை வாங்கித் தருவாள், "இது என்னத்த நொங்கு, தண்ணியத் தவிர ஒண்ணுமில்ல" என்று குறை சொல்லிக்கொண்டே ஆறு தின்பாள். ரயில் நிலையத்தில் நீரா, அதாவது அந்த ஊர்ப் பதநீர், விற்கிற ஸ்டால் இருக்கும். ஒரு தடவை தாத்தா வாங்கிக்கொடுத்தார். ஒரு வாய் குடித்துவிட்டு, "சுண்ணாம்பு வாடையே இல்ல, இது பயினியும் இல்ல கள்ளும் இல்ல" என்று தம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். புளிக்காமல் இருக்க எங்கள் ஊரில் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவுவார்கள், அந்த வாடை இல்லாவிட்டால் அவளுக்கு அது கணக்கிலேயே சேராது.

பன்னாடை என்பது வசவு என்றுதான் ரொம்ப நாள் தெரியும், அதுவும் சேலத்து அக்கா வீட்டில்தான் அதிகம் புழங்கும். மட்டை மரத்தோடு சேருகிற இடத்தில் வலை மாதிரி ஒன்று இருக்கும், அதைப் பிய்த்து எடுத்துப் பயினி வடிகட்டுவார்கள், நல்லதைக் கீழே விட்டுவிட்டுக் குப்பையைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும், அதான் பன்னாடை என்று ஆச்சி சொன்ன பிறகு அந்த வசவின் மேல் எனக்கு மரியாதையே வந்துவிட்டது. பின்னால் நன்னூலில் கடை மாணாக்கருக்கு நெய்யரியை, அதாவது இதே பன்னாடையை, உவமை சொல்லியிருப்பதைப் படித்தபோது, சேலத்து அக்கா தன் மகனைத் திட்டினதும் பவணந்தி முனிவர் சொன்னதும் ஒன்றுதானே என்று தோன்றியது.

பதினோரு வயசில் ஊருக்குப் போனோம். ரெண்டு ராத்திரி ரயில், அப்புறம் பஸ், அப்புறம் இன்னொரு பஸ். ஜன்னலுக்கு வெளியே வரிசையாகப் பனை வர ஆரம்பித்ததும் நான் அன்னா வடலி, அன்னா வடலி என்று கத்தியிருக்கிறேன், பஸ்ஸே திரும்பிப் பார்த்திருக்கிறது. தெரிந்தவர்களைப் பார்க்கிற மாதிரி இருந்தது. குதிரைமொழித் தேரியில் கால் வைத்ததும் சூடு பொறுக்காமல் அய்யனார் கோயில் மரநிழலுக்கு ஓடினேன், மணல் சுடும் என்று ஆச்சி சொல்ல மறந்துவிட்டாள்.

அங்கேதான் எனக்கு ஒரு அடி விழுந்தது. அத்தை வீட்டில் பூட்டியிருந்த பெட்டியைக் காட்டி "தொறவா எங்க?" என்று கேட்டேன். அத்தை பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் ஒரே சிரிப்பு. "பம்பாய்லேர்ந்து வந்துட்டு கெழவி மாதிரி பேசுதா!" தொறவா என்று இப்போது யார் சொல்கிறார்கள், சாவி என்று சொல்லு. மச்சி என்றேன், மாடி என்றார்கள். சவுக்காரம் என்றேன், லைஃப்பாயா என்று கேட்டார்கள். ஒருத்திக்குத் தாக்கல் (சேதி) சொல்லிவிடணும் என்று சொன்னதற்கு அத்தையே சிரித்துவிட்டாள், எங்க ஆச்சி பேசுன பேச்சுல்லா இது என்றாள். பம்பாயில் இந்தி கலந்து பேசுகிறாய் என்று கிண்டல் செய்வார்கள் என்று பயந்துகொண்டு போனேன். அவர்களுடைய தமிழைவிடப் பழைய தமிழ் பேசுகிறேன் என்று சிரித்தார்கள்.

பிறகு யோசித்துப் பார்த்தால் அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஆச்சி ஐம்பதுகளில் ரயிலேறியவள். அன்றைக்கு வாயில் என்ன இருந்ததோ அதைத்தான் கொண்டுவந்தாள். ஊரில் அப்புறம் பஸ் வந்தது, ரேடியோ வந்தது, வெளியூர் வாத்தியார் வந்தார், பேச்சு மாறிக்கொண்டே இருந்தது, எங்கள் அறைக்குள் மாற்றுவதற்கு யாரும் வரவில்லை. வாசல்படிக்கு வெளியே புழங்கின சொல்லெல்லாம் ஒவ்வொன்றாகப் போய்விட்டது. தண்ணீர் பாணி ஆனது, முடுக்கு கல்லி ஆனது, சம்பளம் பகார், அறை கோலி, பெருக்கக் கடன் கொடுத்து வாங்குகிற வாரியல் ஜாடு. உள்ளே இருந்ததை, யாரிடமும் இரவல் கேட்காத வெஞ்சனத்தை, சடவை, வசவை யாரும் தொடவில்லை. தொறவா விஷயத்தில் மட்டும் ஊரும் பம்பாயும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. தமிழில் சாவி, மராத்தியிலும் சாவி, ரெண்டு பேரும் போர்த்துக்கீசியரிடம் வாங்கினது. அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நெருக்கினால் தொறவா என்ன செய்யும், பாவம்.

சாரம் என்ற சொல்லுக்கு ஒரு கதை உண்டு. லுங்கியை எங்கள் பக்கம் சாரம் என்பார்கள், மலாய்க்காரர்களின் சாரோங் கடல் வழியாக வந்து அப்படி ஆனது என்பார்கள். அறுபதுகளின் கடைசியில் இந்த நகரத்தில் தெற்கத்தியர்களுக்கு எதிராக "பஜாவ் புங்கி, ஹடாவ் லுங்கி" (ஊதலை ஊது, லுங்கியை விரட்டு) என்று கோஷம் போட்டார்கள். கடைகளை உடைத்தார்கள். நான் பிறப்பதற்கு முன்னால், அப்பா சின்னப் பையன். அந்தச் சமயத்தில்தான் தாத்தா இட்லி விற்கப் போகும்போது கால்சட்டை போட ஆரம்பித்திருக்கிறார், அதுவரை மடித்துக் கட்டின சாரத்தோடுதான் சைக்கிள் மிதித்தார். வீட்டுக்கு வந்ததும் சாரம். யாராவது பயந்துகொண்டு அதைப் பற்றிப் பேசினால் ஆச்சி சொல்லுவாளாம்: "அவனுவ லுங்கியத்தான சொல்லுதானுவ. நாம கட்டுதது சாரம்லா." அப்பா இந்தக் கதையை ஒவ்வொரு தடவையும் சிரித்துக்கொண்டேதான் சொல்லுவார், தாத்தா அந்தக் கால்சட்டையை அதற்கப்புறம் விடவே இல்லை என்கிற இடத்தில் மட்டும் சிரிக்க மாட்டார்.

சொலவடைகளில் பாதி ஊரெல்லாம் தெரிந்ததுதான், ஆனால் ஆச்சி அவற்றைக் குழாயடியில் வைத்துத்தான் சொல்லுவாள். விடியற்காலையில் ஒரு மணி நேரம் தண்ணீர் வரும், அதற்குள் பிடிக்க வேண்டும். ஒரு சொட்டு சிந்தினால் "ஆத்துல போட்டாலும் அளந்து போடு". குழாயடியில் ஆறு எங்கே இருந்தது. அம்மாவோடு சும்மா வரிசையில் போய் நின்று தூங்கி விழுந்தால், "எள்ளு காயுது எண்ணெய்க்கு, எலிப்புழுக்க ஏன் காயுது". ஜூலை மாதக் காற்றில் பக்கத்து வீட்டுத் தகரம் பறந்து போனபோது "ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்" என்றாள், அதைச் சொல்லிக்கொண்டே எங்கள் வீட்டுத் தகரத்தின் மேல் நிஜமாகவே அம்மியைத் தூக்கி வைக்கச் சொன்னாள். பம்பாய் வேண்டாம், ஊரிலேயே பிழைத்துக்கொள்கிறேன் என்று போய் மூன்று மாதத்தில் திரும்பி வருகிறவர்களுக்கு "போன மச்சான் திரும்பி வந்தான் பூமணத்தோட". இந்தி தெரியாமல் எப்படி ஆச்சி மார்க்கெட்டில் பேரம் பேசுகிறாய் என்று கேட்டால், வாய் இருந்தா வங்காளம் போகலாம். வங்காளத்துக்குப் போகவில்லை, கும்பார்வாடாவில் ஒரு குஜராத்திக்காரியிடம் சட்டி வாங்கப் போய், முழுக்க முழுக்க உடன்குடித் தமிழில் பேசி, சொன்ன விலையில் பாதிக்கு வாங்கிவருவாள். நான் கூடப் போயிருக்கிறேன். அந்தக் குஜராத்தி அம்மாவும் தன் மொழியிலேயேதான் பதில் சொல்லுவாள்.

ஒன்று மட்டும் அவள் ரொம்ப அரிதாகச் சொல்லுவாள். தென்னை வச்சவன் தின்னுட்டுச் சாவான், பனை வச்சவன் பாத்துட்டுச் சாவான். பனை பலன் தருவதற்கு அவ்வளவு வருஷம் ஆகும். தாத்தா இறந்த அன்றைக்கு, வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, இட்லிப் பாத்திரத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டு அவள் இதைச் சொன்னாள். யாரிடம் என்று தெரியாது.

ஆச்சி 1999இல் போனாள். இப்போது அப்பா எங்களோடு டோம்பிவிலியில். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது என்று பேப்பரில் படித்துவிட்டு, ஊரிலிருந்து நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் வருகிற யாரிடமாவது சொல்லி வாங்கிவிட வேண்டும் என்று பிடிவாதம். போன மாதம் எனக்குத் தெரியாமல் போனில் சாரம் வாங்கப் பார்த்திருக்கிறார். சாரம் என்று தேடினால் கட்டடத்துக்குக் கட்டுகிற இரும்புக் குழாயைக் காட்டியிருக்கிறது. "இத எப்டிட்டி இடுப்புல கட்ட?" என்று என்னிடம் கொண்டுவந்து காட்டினார்.

என் மகள் மராத்தியும் இந்தியும் இங்கிலீஷும் பேசுவாள், தமிழ் கேட்டால் புரியும், பதில் வராது. அதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் தனியாக ஒரு நாள் எழுத வேண்டும். வீட்டு வேலைக்கு வருகிற மாவுஷி சாத்தாராப் பக்கத்துக்காரி, எட்டு வருஷமாக வருகிறாள். அப்பாவுக்கு மராத்தி நன்றாக வரும், ஆனால் வயசாக ஆக எதையாவது தேடி மாவுஷி கேட்டால் கையை நீட்டி "அன்னா கெடக்கு" என்றுதான் சொல்லுகிறார், அவளும் போய் எடுத்துக்கொள்ளுகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை கண்ணாடி டம்ளர் ஒன்று உடைந்தது. மகள் உள்ளே ஓடிவந்து "மாவுஷி, ஜாடூ குடே ஆஹே?" என்று கேட்டாள். மாவுஷி மாவு பிசைந்துகொண்டிருந்தாள். திரும்பக்கூட இல்லை, முழங்கையால் கதவுப் பக்கம் காட்டி,

"அன்னா" என்றாள்.